உழைச்செல்வான்: தீராப் பிணியும் தமிழ்ச் செய்யுளும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 921-இல் வெட்டப்பெற்ற குடவோலைக் கல்வெட்டினைத் தமிழ் மாணாக்கர் அனைவரும் அறிவர். ஓலையிற் பெயர் எழுதப்பெறுவோன் 35 ஆண்டிற்கு மேற்பட்டவனாகவும் 70 ஆண்டிற்குக் கீழ்ப்பட்டவனாகவும் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. மனை, நிலம், கல்வி, ஒழுக்கம் ஆகியன பற்றிய விதிகளை விரித்துரைக்கும் நாம் எழுபது என்னும் எல்லையை எண்ணளவிற் சொல்லிக் கடந்துவிடுகின்றோம். எழுபதைக் கடந்தவன் வாரியத்தினின்று விடுபடுகின்றான். பின்னர் அவனுக்கு உரியது திண்ணை, அதன்பின் கட்டில். கட்டிலிற் கிடப்பவனைப் பற்றி அவை விதி வகுக்கும் கல்வெட்டுப் பேசாது. அதனிடம் அதனை எதிர்பார்த்தலும் முறையன்று. இலக்கியத்திடம் எதிர்பார்க்கலாம். நம் செய்யுட்கள் அதனைப் பேசியுள்ளனவா, பேசியிருப்பின் அவற்றை நாம் அவ்வாறு படித்துள்ளோமா என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு கலைச்சொற் சிக்கல். தீரும் நிலையைக் கடந்த நோயாளரையும், முதுமையின் இறுதியில் படுக்கையுற்றோரையும், வலியும் பிற துன்பமும் குறையும்படி பேணும் மருத்துவத்துறை ஒன்று இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வளர்ந்தது. இலண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்சு அம்மையார் நிறுவிய புனித கிறித்தோபர் இல்லம் அதன் தொடக்கமாகக் கொள்ளப்பெறும். நம் அண்டையில், கோழிக்கோட்டில் 1993-இல் இப்பணிக்கென ஒரு கழகம் தோன்றியது; கேரள அரசு 2008-இல் இதற்கெனத் தனிக்கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம் இப்பணியை வீட்டு வாயிலுக்குக் கொண்டுவரும் பணிகளுள் ஒன்றாக அறிவித்தது. பணி வந்தது, பெயர்தான் நேராக வந்து அமையவில்லை. ‘நோய் ஆதரவு’ என்றனர். ‘வலி நிவாரணம்’ என்றனர். ‘தணிப்புச் சிகிச்சை’ என்றனர். ‘இறுதிக்காலப் பராமரிப்பு’ என்றனர்.

இவற்றுள் முதலதை இலக்கணம் கற்றார் எவரும் நகைப்பின்றிக் கடத்தல் அரிது. ‘நோய் ஆதரவு’ என்பதனை நான்காம் வேற்றுமைத் தொகையாக விரித்தால் நோய்க்கு ஆதரவு என்றன்றோ பொருள்படும்? நோயாளனுக்குத் தர வேண்டிய ஆதரவை நோய்க்குத் தந்துவிட்டனர். ‘வலி நிவாரணம்’ குற்றமற்றதாயினும் குறுகியது. மூச்சுமுட்டலும் உறக்கமின்மையும் படுக்கைப்புண்ணும் தனிமையும் அதனுள் அடங்கா. ‘இறுதிக்காலம்’ என்பது கட்டிலருகே நின்று உரக்கச் சொல்லத்தக்க சொல்லன்று. ‘தணிப்பு’ ஒன்றே வேரூன்றிய சொல். ஆயினும் அதுவும் செயலைச் சுட்டுமேயன்றிச் செய்வாரைச் சுட்டாது. மேலைமொழிச் சொல்லின் வேர் இலத்தீனத்தில் மேற்போர்வையைக் குறிக்கும் என்பர். போர்வை என்னும்போது போர்த்தும் கை ஒன்று நினைவிற்கு வருகின்றது. நம் ஆக்கங்களில் அக்கை இல்லை.

அக்கைக்குத் திருவள்ளுவர் பெயர் வைத்துள்ளார். மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவம் நான்கு கூறுடையது என வகுத்து, உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என அவற்றை நிரல்படுத்துகின்றார். உழை என்பது பக்கம். உழையர் என்பார் அருகிருப்போர். எனவே உழைச்செல்வான் என்பான் நோயாளன் பக்கத்தே இயங்குபவன். (மாணாக்கர் சிலர் இச்சொல்லை உழைப்பு என்பதனோடு இணைத்து, உழைத்துச் செல்பவன் என்று விடைத்தாளில் எழுதுவர். மதிப்பெண் தர இயலாது. ஆனால் இரவெல்லாம் விழித்திருந்து ஒரு முதியவரைப் புரட்டிப் படுக்கவைத்தவர் அவ்விடையை முற்றும் தவறென்னார்.)

இவ்வதிகாரத்தில் கருதத்தக்க வேறொன்றும் உண்டு. மருத்துவனைக் குறிக்குமிடத்துத் ‘தீர்ப்பான்’ என்ற ஆசிரியர், அதற்கு இரு குறள் முன்னர், நோயை ஆராயும் முறை கூறுமிடத்துத் ‘தணிக்கும்’ என்ற வினையையே ஆண்டுள்ளார். நோய், அதன் முதல், அதனைத் தணிக்கும் வாயில் என மூன்றும் நாடப்பெறுதல் வேண்டும் என்பது அக்குறளின் கருத்து. தணித்தலும் தீர்த்தலும் ஒருபொருட் கிளவிகள் என்று கொண்டு கற்பிப்பதே வகுப்பறை வழக்கு. எல்லா இடத்தும் அவ்வாறு கொள்ளுதல் பொருந்துமா? தீ தணிதல் வேறு, தீ அவிதல் வேறு. சினம் தணிந்தவன் சினமற்றவன் ஆகான். வள்ளுவர் இவ்வேறுபாட்டைக் கருதியே சொல் தேர்ந்தார் என்று அறுதியிட்டுரைக்க யாம் துணியோம். சொல் அவ்வேறுபாட்டிற்கு இடந்தருகின்றது என்ற அளவில் அமைவோம்.

உரையாசிரியரோ இடந்தருதலோடு அமையவில்லை. இடையிலுள்ள 949-ஆம் குறளில், உற்றவன் அளவு, பிணியளவு, காலம் என்னும் மூன்றனையும் மருத்துவன் கருதுக என்பதற்கு உரைவிரிக்கும் பரிமேலழகர், பிணியளவு என்பதனுள் சாத்தியம், அசாத்தியம், யாப்பியம் என மூவகை காட்டுகின்றார். அவற்றிற்குத் தொடக்கம், நடு, ஈறு என்னும் பருவ வேறுபாடும் உண்டு என்கின்றார். சாத்தியம் தீர்க்கத்தக்கது, அசாத்தியம் தீர்க்கலாகாதது. யாப்பியம் என்பது ஆயுள்வேத நூலார் வழக்கில், அடியோடு நீங்காதாயினும் மருந்தாலும் பேணலாலும் தாங்கி நடத்தத்தக்க நோயாம். பதம்பிரித்துப் பொருள் சொல்லும் அவசரத்தில் இச்சொல்லின்மேல் நம் கண் நிலைப்பதில்லை. வடசொல் என ஒதுக்குவாரும் உளர். எச்சொல்லாயினும் ஆகுக, பரிமேலழகர் காலத்திலேயே, தீர்தல், தீராமை என்னும் இரண்டிற்கும் இடையே மூன்றாவதொரு நிலை தமிழுரையிற் பேசப்பட்டது என்பது இதனாற் பெறப்படும்.

உழைச்செல்வான் என்பதற்கு அவர் கண்ட பொருளில் யாம் சிறிது மாறுபடுகின்றோம். மருந்தினைப் பிழையாமல் இயற்றுவான் என்று அவனை அவர் கொண்டார். அவ்வாறு கொள்ளின் அவன் மருந்தின் பக்கத்தவனே அன்றி நோயாளன் பக்கத்தவன் ஆகான். நான்காம் கூறு மூன்றாம் கூற்றின் ஏவலாகச் சுருங்கும். ஆனால் அவனுக்குரிய நான்கு இயல்புகளை அவரே எண்ணுமிடத்து முதற்கண் வைப்பது ஆதுரன்மாட்டு அன்புடைமையை. மன மொழி மெய்களின் தூய்மை, சொல்லியவாறே செய்து முடிக்கும் வன்மை, அறிவு ஆகியன அதன் பின்னரே வருகின்றன. மருந்தரைப்பவனுக்கு நோயாளன்மேல் அன்பு முதற்றகுதி ஆதல் எங்ஙனம்? அருகிருப்பவனுக்கே அது தகும். ஆகவே உரையாசிரியரின் சொற்பொருளை அவர்தம் விளக்கமே கடந்து நிற்கின்றது எனல் வேண்டும்.

இந்நிரல் எங்கிருந்து வந்தது என்பதும் ஆராயத்தக்கது. சரகர் தம் நூலின் சூத்திரத் தானத்தில் பரிசாரகனுக்குரிய நான்கினைக் கூறுங்கால், பணியறிவு, திறமை, அன்பு, தூய்மை என வைத்தார். அங்கு அன்பு மூன்றாமிடத்தது. வாக்படரின் அட்டாங்க இருதயத்தில் அன்புடையன், தூயன், திறலோன், அறிவினன் என்னும் நிரல் காணப்படுகின்றது. பரிமேலழகர் நிரல் இதனோடு முற்றும் ஒத்துள்ளது. அவர் வாக்படர் மரபினைத் தழுவினார் என்பதற்கு இவ்வொற்றுமை தக்கதொரு சான்றாம். கடன் வாங்கியதைக் காட்டுதல் மட்டும் எம் கருத்தன்று. அறிவினை முதலில் வைப்பதும் அன்பினை முதலில் வைப்பதும் இரு வேறு மருத்துவப் பார்வைகள். உத்திரமேரூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் படுக்கையிற் கிடக்கும் முதியவளின் மகளையோ மருமகளையோ நோக்கி, ‘நீ பயிற்சி பெற்றவளா?’ என்று முதலிற் கேட்பதற்கும் ‘நீ இவள்மேல் அன்புடையளா?’ என்று முதலிற் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அது. இரண்டும் கேட்கவேண்டிய வினாக்களே.

இவ்விடத்தில் இச்சொல்லாராய்ச்சியின் பயனைக் கூறிவிடுதல் நன்று. ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்’ என்னும் வாக்கியம் நம் நாட்டில் எண்ணற்ற குடும்பங்கள் கேட்டது. வள்ளுவர் வகுத்த நாற்கூற்றினை வைத்து நோக்கின் இவ்வாக்கியத்தின் பிழை புலனாகும். தீர்ப்பான் என்னும் ஒரு கூறு மட்டுமே தன் தொழில் முடிந்ததெனக் கூறத்தக்கது. உற்றவன் இருக்கின்றான். மருந்து இருக்கின்றது, வலி தணிக்கும் மார்ஃபின் நோயாளர்க்குக் கிட்டுதற்கு 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டம் இடர்ப்பாடாய் நின்று, 2014-இல் திருத்தம் பெற்றதும் அக்கூற்றின் வரலாறே. உழைச்செல்வானுக்கோ அப்பொழுதுதான் தொழில் தொடங்குகின்றது. சாண்டர்சு அம்மையார் முதலிற் செவிலியாகப் பயின்று, பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராய் இருந்து, அதன் பின்னரே 1957-இல் மருத்துவரானார் என்பதனை ஈண்டு நினைவுகூர்தல் தகும். உழைச்சென்ற பின்னரே அவர் தீர்ப்பார் வரிசையிற் சேர்ந்தார்.

உத்திரமேரூருக்கு வடகிழக்கே, பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலில் வேங்கடேசப் பெருமாள் கோயில் உள்ளது. அங்குள்ள வீரராசேந்திரன் (1063–1070) காலத்து நெடுங்கல்வெட்டு, கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையோடு ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர் சாலை ஒன்று நடைபெற்றதைக் கூறுகின்றது. அதில் 15 படுக்கைகள், மருத்துவர் ஒருவர், அறுவைத் தொழில் செய்வார் ஒருவர், மருந்து கொணர்ந்து பக்குவம் செய்வார் இருவர், நோயாளரைப் பார்க்கும் பெண்டிர் இருவர். ஆதுலர் என்பது ஆதுரர் என்பதன் திரிபே. பரிமேலழகர் ஆண்ட சொல் அதற்கு முன்னரே கல்லில் ஊர்வழக்காய் உள்ளமை காண்க. ஆதுலர் என்பதற்கு நோயாளர் என்பதோடு வறியோர் என்னும் பொருளும் தமிழில் உண்டு. நோயும் வறுமையும் ஒரு சொல்லில் அடங்கியது தற்செயலாய் இருக்கலாம். ஊரறிந்தார்க்கு அது தற்செயலாய்த் தோன்றாது.

இச்சாலையை இக்காலத்து இறுதிப்பேணல் இல்லங்களின் முன்னோடி எனக் கூறி மகிழ்வாரோடு யாம் உடன்படோம். அது மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் அமைந்த மருத்துவச் சாலை, முதியோர்க்கென அமைந்ததன்று. அக்கல்வெட்டிலிருந்து எமக்கு வேண்டுவது வேறு. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் எனப் பெயரோடு குறிக்கப்பெறுகின்றார். பெண்டிரோ இருவர் என்ற எண்ணளவில் நிற்கின்றனர். திருக்குறளில் ஆன் விகுதியோடு நிற்கும் உழைச்செல்வான், கல்வெட்டில் பெண்ணாய் நிற்கின்றாள். அங்கும் பெயரின்றி நிற்கின்றாள்.

இனிச் செய்யுட்கு வருவோம். தொல்காப்பியர் காஞ்சித்திணைக்கு நிலையாமையைப் பொருளாக வைத்தார் என்பது தெளிவு. அதனால் காஞ்சித் துறைகள் அனைத்தையும் நிலையாமை என்ற ஒரே சொல்லால் அளந்து முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே நிலைத்துவிட்டது. ஆயின் அத்துறைகளுள் இரண்டு நிலையாமையை உரைப்பனவாக மட்டும் அமைந்தில. காக்கும் சுற்றம் ஒருவரும் இல்லாமற் புண்பட்டுக் கிடப்பவனைப் பேய் ஓம்பும் பேய்ப்பக்கம் ஒன்று. புண்பட்ட கணவனைப் பேய் தொடாதவாறு மனைவி காக்கும் தொடாக்காஞ்சி மற்றொன்று. இரண்டினையும் அடுத்தடுத்து வைத்து நோக்குக. முன்னையதில் உழைச்செல்வார் இலர். அவ்விடத்தைப் பேய் நிரப்புகின்றது. பின்னையதில் உழைச்செல்வாள் உளள், பேய் விலக்கப்படுகின்றது. சாகும் நிலையில் உள்ளவன் அருகே எவர் இருக்கின்றனர் என்பதே துறை பகுக்கும் அளவுகோலாய் இருத்தலைக் காண்கின்றோம். புறப்பொருள் வெண்பாமாலையார் காஞ்சியை வேற்றரசன் வரவைத் தடுத்துக் காத்தலாக வைத்தனர். அக்காத்தற்பொருளும் இங்கே ஒருவாறு பொருந்துகின்றது.

புறநானூற்று 281-ஆம் பாட்டு, அரிசில்கிழார் பாடியது, இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. புண்பட்டுக் கிடக்கும் தலைவனைக் காக்கத் தோழியை ஒருத்தி அழைக்கின்றாள். இரவும் வேம்பும் மனையிற் செருகுதல், யாழும் பிற இயங்களும் ஒலித்தல், மெல்லக் கைபெயர்த்து மையிடுதல், ஐயவி சிதறல், ஆம்பற்குழல் ஊதல், மணி எறிதல், காஞ்சி பாடல், நறும்புகை எடுத்தல் எனத் தொழில்கள் தொடர்ந்து வருகின்றன. இவற்றைப் பேயோட்டும் சடங்கு எனப் பண்டைப் பழக்கவழக்கப் பட்டியலிற் சேர்த்துவிடுவது ஆராய்ச்சியாளர் பலர் செயல். சடங்குதான், மறுப்பாரில்லை. எனினும் ‘பய’ என்ற சிறுசொல்லைப் பேயோட்டும் சடங்கு வேண்டுவதில்லை. மெதுவாக என்னும் அச்சொல் நோகும் உடம்பைத் தொட்டறிந்த கையினுடையது. புண் ஆறும் என்று பாட்டில் எவரும் கூறவில்லை என்பதும் கருதற்பாலது. கூறப்படுவது காப்போம் வா என்னும் அழைப்பொன்றே.

புண்ணோன் வீரன், முதியவன் அல்லன். முதுமைப் பேணலுக்கு இவை எங்ஙனம் சான்றாகும் என்று தடை நிகழ்த்தலாம். தக்க தடையே. ஆகவே முதுமைப் பாட்டுகளையே நோக்குவோம். முதுமை என்றவுடன் அனைவர் நினைவிற்கும் வருவது புறம் 243, தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. ஊன்றிய தண்டாலேயே பெயர் பெற்ற புலவர், இளமையில் மருதக்கிளையேறி மடுவிற் குதித்து மணலெடுத்துக் காட்டியதை நினைந்து, இருமலிடைப்பட்ட சில சொற்களால் இரங்குகின்றார். பாட்டின் அருமையை யாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் அதில் முதியவர் தனியர். அவர் இருமும்போது நீர் எடுத்துக் கொடுப்பார் யார் என்று பாட்டுக் கூறாது, நாமும் கேட்டதில்லை. இளமை நிலையாமைக்கு மேற்கோளாக அதனை எடுத்தாண்டு அமைந்துவிட்டோம்.

புறம் 159 நம் கவனத்தை அத்துணை பெறவில்லை. பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடியது அது. பரிசில் துறைப் பாட்டு, வறுமை கூறுவது என்று இரு தொடரால் வகுப்பில் முடிப்போம். யாம் அறிந்தவரை, முதுமையின் இறுதியை வீட்டினுள் வைத்துக் காட்டிய சங்கப் பாட்டுகளுள் இதற்கு நிகரானது இல்லை. புலவரின் தாய் வாழ்ந்த ஆண்டுகள் பலவாயின; உயிர் நீங்கவில்லையே என்று அவள் பலகாலும் வெறுத்துரைக்கின்றாள். கோலே காலாகக் குறுகிய அடி வைக்கின்றாள். நூல் விரித்தாற்போன்ற நரை. கண் மங்கியதால் முன்றிலுக்கும் செல்லாள். இவற்றுள் ஒவ்வொன்றும் அருகிருந்து பார்த்தவன் கூற்று. முன்றில் செல்லாமையைக் குறித்தது சிறப்பினும் சிறப்பு. முதியோரைப் பேணுவோர் அறிவர், வீட்டு வாயிற்படி எப்பொழுது எல்லையாகின்றது என்பதே நோயின் அளவை அறிவிக்கும் குறி என்பதனை. சாவை விரும்பும் தாயின் சொல்லைப் புலவர் மறுக்கவுமில்லை, அதற்கு அறிவுரை கூறவுமில்லை. அப்படியே எடுத்துச் சொல்கின்றார்.

அதனை அடுத்துப் பாட்டு அடுக்களைக்குச் செல்கின்றது. பிள்ளைகள் பிசைந்துண்ண வாடிய மனைவி, முன்னே கொய்த இடத்திலேயே முற்றாது தளிர்த்த கீரையைக் கொய்து, உப்பின்றி, மோரின்றி, சோறின்றி வேகவைக்கின்றாள். கிழவியின் உயிர் வெறுப்பையும் மருமகளின் உப்பில்லாக் கீரையையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வைத்தது பரிசில் பெறும் உத்தி மட்டுமா? பேணப்படுபவளும் பேணுபவளும் ஒரே வறுமையால் வாடுதலைப் புலவர் காட்டியுள்ளார் என்றே யாம் கொள்கின்றோம். உழைச்செல்வாளுக்கு உண்டி இல்லையேல் உற்றவளுக்குப் பேணல் இல்லை. ஆதுலர் என்னும் சொல்லின் இரு பொருளும் இங்கே ஒருங்கு நிற்கின்றன. குமணனிடம் கேட்கப்படுவது மருந்தன்று, மருத்துவனும் அன்று. அவ்வீட்டார் மனமகிழ்தல் ஒன்றே வேண்டப்படுகின்றது.

இவ்வாராய்ச்சியில் வடக்கிருத்தலைக் கொணர்ந்து புகுத்துதல் பொருந்தாது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது மானம் பற்றியது. தீராப் பிணியாளரைப் பேணுதல் சாவை விரைவுபடுத்துவதும் அன்று, தள்ளிவைப்பதும் அன்று என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2002-இல் விளக்கியுள்ளது. இதற்கு நேர்மாறாய் நிற்பது தென்மாவட்டங்கள் சிலவற்றில் நிகழ்ந்ததாக 2010-இல் நாளிதழ்களில் வெளிவந்த தலைக்கூத்தல். எண்ணெய் முழுக்காட்டி முதியோர் உயிரை முடிக்கும் அக்கொடுஞ்செயலைப் பொருளாகக் கொண்ட திரைப்படத்திற்குப் பிரியா கிருட்டிணசாமி இட்ட பெயர் ‘பாரம்’. முதியவர் வீட்டாருக்கு என்னவாகத் தோன்றினார் என்பதனை அவ்வொரு சொல் கூறிவிடுகின்றது. முழுக்காட்டுதலும் உழைச்செல்வார் தொழில்தான். செய்யும் தொழில் ஒன்றாக, கருத்து முற்றும் மாறுபட்ட அவலம் அது.

மீண்டும் கலைச்சொல்லுக்கு வருவோம். துறைக்குத் ‘தணிப்பு மருத்துவம்’ என்னும் பெயரே ஏற்றது. அதற்கு வள்ளுவர் ஆட்சி அரணாம். செய்வாருக்கு ‘உழைச்செல்வார்’ என்னும் பெயரை யாம் முன்மொழிகின்றோம். ஆர் விகுதி இருபாற்கும் பொதுவாதலின் குறளின் ஆண்பாலால் எழும் இடர் நீங்கும். அரிய சொல், மக்கட்கு விளங்காது என்பர் சிலர். உத்திரமேரூர்ப் பக்கத்து வழக்கில் இப்பணிக்கு வழங்கும் தொடர் ‘கூட இருந்து பாத்துக்கிறது’ என்பதாம். கூட இருத்தல் உழை, பார்த்துக்கொள்ளல் செல்லுதல். செந்தமிழ்ச் சொல்லும் வழக்குத்தொடரும் ஒன்றனுக்கொன்று பொருளுரையாய் அமைந்துள்ளன. அச்சிடும் துண்டுத்தாளில் வழக்குத்தொடரையும் பாடநூலிற் செந்தமிழ்ச் சொல்லையும் பயன்படுத்தலாம். இரண்டனுள் எதனைக் கொள்ளினும் ‘நோய் ஆதரவு’ கைவிடப்படல் வேண்டும்.

ஒன்று எஞ்சியுள்ளது. புறம் 159-இனை முதுகலைப் பாடத்தில் வைக்குமிடத்து அதனைப் பரிசில் துறையில் மட்டும் நிறுத்தாது, 281-ஆம் பாட்டோடும் பேய்ப்பக்கம், தொடாக்காஞ்சி என்னும் இரு துறைகளின் உரைகளோடும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். இளம்பூரணர், நச்சினார்க்கினியர் ஆகிய இருவர் உரையையும் இவ்விரு துறைகட்கும் ஒப்பிட்டு, ஓம்புதல் என்னும் வினைக்கு அவர்கள் கொண்ட பொருளைத் தனியே ஆராய்தல் இதன் அடுத்த பணியாகும்.